பொட்டு வைத்த ஸ்டெப்னியும் ஹாரன் பிள்ளையாரும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் பிள்ளையாரின் பெருமை எடுபடும்.

மூன்று வருஷம், மூன்று ஆயுத பூஜை, என் பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, தொப்பை இடிக்க இடிக்க நகர்ந்து உள்ளே போய், அங்கே தொங்கிக்கொண்டிருந்த ஸ்டெப்னி டயருக்குச் சந்தனம் வைத்தேன். குங்குமம் வைத்தேன். மூன்றாவது வருஷம் பக்தி முற்றிப்போய் ஒரு முழம் சாமந்திப்பூவும் சுற்றினேன். ஆனால் அந்த டயரின் பக்கவாட்டில் என்ன நம்பர் போட்டிருக்கிறது என்று ஒரு தடவை கூடப் படிக்கவில்லை. படித்திருந்தால் தெரிந்திருக்கும், அது என் வண்டி டயரே இல்லை. வேறு ஏதோ சின்ன வண்டியின் டயர். யார் வீட்டு மாப்பிள்ளைக்கோ மூன்று வருஷமாக நான் மாலை போட்டுக்கொண்டிருந்தேன்.

நம் சந்துக்காரர்களுக்கு என்னைத் தெரியும். வெளியிலிருந்து நம் பிள்ளையார் கோயிலின் இந்த ஆண்டு விழா மலரைப் படிக்கும் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் சேகர். மயிலாப்பூரில் நோயாளிகளுக்கான கட்டில், வீல்சேர், ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் வாடகைக்கு விடுகிறேன். அதனால் ஏரியாவில் ‘கட்டில் சேகர்’. கல்யாண வீட்டில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பெண் வீட்டார் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பழகிவிட்டது.

என் குடோன் சந்தின் கடைசியில். பிள்ளையார் சந்தின் முனையில். அவருக்கு அர்ச்சகர் சொல்லும் பெயர் வேறு. எங்கள் சந்து டிரைவர்கள் வைத்த பெயர் ஹாரன் பிள்ளையார். வண்டியை வெளியே எடுக்கிறவன் யாராக இருந்தாலும் அவர் முன்னால் ஒரே ஒரு தடவை ஹாரனைத் தட்டிவிட்டுத்தான் பெரிய ரோட்டில் ஏறுவான். கும்பிடுவதற்கு இரண்டு கையையும் எடுத்தால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? அதற்காக எவனோ புத்திசாலி ஆரம்பித்த வழக்கம். பக்கத்துக் கட்டடங்களில் குடியிருக்கிறவர்களுக்கு இந்தப் பக்தி அவ்வளவாகப் பிடிக்காது.

என் பிக்கப் புதுசு இல்லை. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. வாங்கும்போது “ஸ்டெப்னி இருக்கா?” என்று கேட்டேன். “இருக்கு சார், பாருங்க” என்றார்கள். குனிந்து பார்த்தேன். இருந்தது. வட்டமாக இருந்தது. கறுப்பாக இருந்தது. ஒரு டயருக்கு இதற்கு மேல் என்ன லட்சணம் வேண்டும் என்று திருப்தியாக எழுந்துவிட்டேன்.

என் மனைவி மல்லிகாதான் கடைக்கு வரும் போன்களை எடுப்பவள். எந்த வீட்டில் எந்தக் கட்டில், யாருக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் அவள் தலையில் இருக்கும். அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். “என்னங்க, அந்த ஸ்டெப்னியை ஒரு தடவை கீழ இறக்கிப் பாருங்களேன். நாம கொண்டு போறது கட்டில் மட்டுமில்ல.”

“அது தூங்குது, எழுப்பாதே” என்று பதில் சொன்னவன் நான். அதற்கு நானே சிரித்தும் கொண்டேன்.

போன வருஷம் ஐப்பசி. ஆயுத பூஜை முடிந்து மூன்று வாரம் இருக்கும். செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை.

பகல் பன்னிரண்டே முக்காலுக்குப் பாலவாக்கத்திலிருந்து போன். லட்சுமி அம்மா. அவர் கணவர் ஜெயராமன் சார், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகும் வியாதி. இருபத்து நாலு மணி நேரமும் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருக்க வேண்டும். வீட்டில் கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் ஒன்றும், கரண்ட் போனால் சமாளிக்க ஒரு சின்ன சிலிண்டரும் இருந்தன. இரண்டும் நான் கொடுத்தவை.

“சேகர், காலையில இருந்து கரண்ட் இல்லப்பா. தெருமுனையில பெட்டி வெடிச்சிடுச்சாம். இன்வர்ட்டரும் நின்னு போச்சு. இப்ப சின்ன சிலிண்டர்லதான் ஓடுது. முள்ளு பாதிக்குக் கீழ வந்துடுச்சு. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடட்டுமா?”

இந்த இடத்தில் என் இரண்டாவது முட்டாள்தனம் வருகிறது. முதலாவது சிரிப்பு வரும் ரகம். இது வராது.

“ஆம்புலன்ஸ் எதுக்கும்மா? இந்த மழையில சாரைத் தூக்கி அலைக்கழிக்கணுமா? பெரிய சிலிண்டரோட அரை மணி நேரத்துல உங்க வாசல்ல நிப்பேன். நீங்க வடைக்கு ஊறப்போடுங்க” என்றேன்.

சின்ன சிலிண்டரில் முள் அந்த இடத்தில் இருந்தால், ஜெயராமன் சாருக்கு வேண்டிய அளவுக்கு ஒன்றரை மணி நேரம் வரும். கொஞ்சம் முன்னே பின்னே. அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிப் பேசினேன். மூன்று பெரிய சிலிண்டர்களை நிமிர்த்தி நிற்க வைத்துச் சங்கிலி போட்டுக் கட்டிக்கொண்டு, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, லட்சுமி அம்மாவுக்கு இன்னும் தைரியம் சொல்லியபடியே வண்டியை எடுத்தேன்.

மாட வீதிப் பக்கம் தண்ணீர் நிற்கிறது என்று சொன்னார்கள். ஏரியா என் உள்ளங்கை என்ற திமிர். மந்தைவெளிக்குக் குறுக்கே போகும் ஒரு ஒல்லித் தெருவில் நுழைந்தேன். பாதித் தெரு வந்திருப்பேன். பின்னால் டமால் என்று சத்தம். வண்டி ஒரு பக்கம் இழுத்து நின்றது.

இறங்கிப் பார்த்தேன். மழைநீர்க் கால்வாயின் மூடி ஒன்று உடைந்து, உள்ளே இருந்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் அதை மூடியிருந்தது. இடது பின் டயரின் பக்கவாட்டைக் கம்பி கிழித்துவிட்டது. என் உள்ளங்கை உள்ளே போகும் அளவுக்குக் கிழிசல். இது பஞ்சர் ஒட்டும் விஷயமில்லை.

அப்போதும் எனக்குக் கவலை வரவில்லை. அன்பர்களே, என் மண்டையின் அழகைப் பாருங்கள். “ஸ்டெப்னி இருக்கிறது, பத்து நிமிஷ வேலை” என்று விசில் அடித்துக்கொண்டே அதை இறக்கினேன். மூன்று வாரத்துக்கு முன் வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. குங்குமம் கூட இருந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி, கிழிந்ததைக் கழற்றி, இதை மாட்டினேன். நட்டு எல்லாம் சரியாகப் பொருந்தியது. ஜாக்கியை இறக்கினேன்.

வண்டி உட்கார்ந்தது. இன்னும் உட்கார்ந்தது. உட்கார்ந்துகொண்டே போனது. மேலே சிலிண்டர்கள் மூன்றும் இடது பக்கமாகச் சாய்ந்து சங்கிலியில் மோதின.

வலது பக்கம் போய் அந்த டயரைப் பார்த்தேன். இடது பக்கம் வந்து இந்த டயரைப் பார்த்தேன். நாலு விரல் வித்தியாசம். ரிம் என் வண்டிக்குப் பொருந்துகிற ரிம்தான். அதன் மேல் எவனோ குட்டி டயரை ஏற்றிவிட்டிருக்கிறான். போதாக்குறைக்குக் காற்றும் பாதிதான் இருந்தது. இருந்தாலும் ஸ்டார்ட் செய்து பத்தடி நகர்த்திப் பார்த்தேன். பின்னால் ஆக்சிலில் இருந்து உறுமல் மாதிரி ஒரு சத்தம். வண்டி பாரத்தோடு ஒருக்களித்து ஒருக்களித்துப் போனது. சிலிண்டர் ஒன்று சாய்ந்து விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நிறுத்திவிட்டேன்.

எதிரே ஓர் ஆட்டோ வந்தது. ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“நைனா, ஆள் உசரம் கீது. இத்த எங்க வெக்கிறது, என் மடியிலயா?”

தப்புச் சொல்ல முடியாது. அறுபது கிலோவுக்கு மேல் எடை. அவர் ரிவர்ஸ் எடுத்துப் போய்விட்டார்.

மல்லிகாவுக்குப் போன் செய்தேன். “மல்லி, டயர் போச்சு. ஸ்டெப்னியும் சரியில்ல. லட்சுமி அம்மாவை ஆம்புலன்ஸுக்குப் பண்ணச் சொல்லு.”

“பண்ணிட்டாங்க. நீங்க சொன்னீங்களேன்னு பத்து நிமிஷம் பொறுத்துட்டுப் பண்ணாங்களாம். அதுக்குள்ள நீலாங்கரை பக்கம் மரம் விழுந்து ரோடு அடைச்சிக்கிச்சு. ஆம்புலன்ஸ் மரத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது. வேற வண்டி சுத்தி வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுமாம்.”

அந்தப் பத்து நிமிஷம் என்னுடையது. நான் வடைக்கு ஊறப்போடச் சொன்ன பத்து நிமிஷம்.

மழையில் ஒரு வீட்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். ஜெயராமன் சாரின் முகம்தான் கண் முன்னால் நின்றது. எப்போது போனாலும் மூக்குக் குழாயோடு “உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத” என்று பழைய கண்டக்டர் குரலில்தான் என்னை வரவேற்பார். அந்த மனுஷன் இப்போது ஒரு முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். சேகர் வருவான் என்று நம்பிக்கொண்டு. கடையில் எத்தனையோ சாவைப் பார்த்திருக்கிறேன். கட்டிலைத் திரும்ப எடுக்கப் போகும் வீடுகளில் பாதி அப்படித்தான். ஆனால் என் வாயால் ஒருவர் போவார் என்று நினைத்ததே இல்லை.

எழுந்தேன். அந்த டயரின் சந்தனத்தின் மேல் கையை வைத்தேன். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“பிள்ளையாரப்பா, நான் முட்டாள். அது உனக்குத் தெரியும், எனக்கும் இப்போ தெரிஞ்சுபோச்சு. என் மரியாதை போகட்டும், வண்டி போகட்டும். அந்த மனுஷனுக்கு மூச்சு போகக் கூடாது. என் வண்டிக்குச் சரியான டயர் ஒண்ணு எங்கிருந்தாவது அனுப்பு. சாயங்காலப் பூஜைக் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் நூத்தியெட்டுத் தோப்புக்கரணம் போடறேன். ஒரு மண்டலம் யாரையும் கிண்டல் பண்ண மாட்டேன்.”

சொல்லி வாய் மூடவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஹாரன். சாதாரண ஹாரன் இல்லை. தெருவே அதிரும் ஹாரன். திரும்பினேன். ஒரு தண்ணீர் லாரி. நெற்றியில் பெரிய எழுத்தில் ‘மாதா துணை’.

நான் கூப்பிட்டது பிள்ளையாரை. வந்தது மாதா. ஆனாலும் அந்த நேரத்தில் நான் ரேஷன் கார்டெல்லாம் கேட்கவில்லை.

உண்மையைச் சொன்னால், லாரி எனக்கு உதவ வரவில்லை. என் வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அது போக வழியில்லை. டிரைவர் இறங்கி வந்தார். ஐம்பது வயசு இருக்கும். கைலி, காக்கிச் சட்டை, தலையில் ஒரு பிளாஸ்டிக் பை.

“இன்னா நைனா, ரோட்டுலயே குடித்தனமா?”

“டயர் போச்சுண்ணே.”

“அதான் மாத்திக்கினியே. எடு.”

“எடுத்தா ஓடலண்ணே.”

குனிந்து டயரைப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இது யாருது?”

“என் வண்டிண்ணே.”

“வண்டி உன்னுது. டயரு?”

நானும் குனிந்து டயரைப் பார்த்தேன்.

“பொட்டெல்லாம் வெச்சிகீற. நம்பர் படிக்கத் தெரியாதா?”

வேறொரு நாளாக இருந்தால் அவருக்கும் ஒரு பதில் வைத்திருப்பேன். அன்று அழுகைதான் வந்தது. சிலிண்டரைக் காட்டினேன். பாலவாக்கம் என்றேன். ஒருத்தர் என்றேன். இன்னும் ஐம்பது நிமிஷம்தான் தாங்கும் என்றேன்.

அவர் தலையில் இருந்த பையை இறுக்கிக்கொண்டார். லாரிக்குப் போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். திரும்பி வந்தபோது ஒரு கையில் என் ஜாக்கியைப் போல மூன்று மடங்கு பெரிய ஜாக்கி, இன்னொரு கையில் நீளமான இரும்பு பைப்பு.

“முன்னாடி சக்கரத்துக்குக் கல்லு போடு” என்றார். “இந்தக் குட்டியப் பின்னாடி மாட்டினா இன்னாவும். ஒரு சக்கரம் ஒரு சுத்து சுத்தச் சொல்லோ இது ஒண்ணேகால் சுத்தும். நடுவுல கீற பல்லு காலியாவும். லோடும் பின்னாடிதான் கீது. உன் முன் டயரு நல்லா கீது பாரு. அத்தக் கழட்டிப் பின்னாடி போடு. இந்தக் குட்டி முன்னாடி போவட்டும்.”

அன்பர்களே, இதைத்தான் நான் சொல்ல வந்தேன். நான் எங்கிருந்தாவது ஒரு டயர் அனுப்பச் சொல்லி வேண்டினேன். டயர் என் வண்டியிலேயே இருந்தது. முன்னால், என் காலுக்கு மூன்றடி தூரத்தில். பிள்ளையார் டயரை அனுப்பவில்லை. அதைக் காட்டுகிற ஆளை அனுப்பினார்.

அவர் பேர் அந்தோணி. வேலையின் நடுவில்தான் கேட்டேன். மழையில் ஊறிய நட்டுகளை அந்த பைப்பைச் செருகி ஒரே அழுத்தில் திருப்பினார். குட்டி டயர் முன்னால் போனது. நல்ல டயர் பின்னால் போனது. காற்று குறைந்த டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் லாரியின் காற்று டேங்கில் இருந்து ஒரு குழாயை இழுத்து வந்து அதற்குக் காற்று ஏற்றினார். பிரேக்குக்காக லாரியில் இருக்கும் காற்று அது. அதை இப்படிக் கூட எடுக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

“அண்ணே, உங்க லோடு லேட்டாகுமே” என்றேன்.

“தண்ணி கெட்டுப் பூடாது.”

இறக்கினோம். வண்டியின் பின்பக்கம் நேராக நின்றது. முன்பக்கம் மட்டும் இடது தோளை இறக்கிக்கொண்டு, பிள்ளையார் முன்னால் குட்டிக்கொள்ளப் போகிற மாதிரி நின்றது.

“ஸ்டியரிங்கு இடப்பக்கம் இழுக்கும், இறுக்கிப் புடிச்சுக்க. முப்பதத் தாண்டாத. சடன் பிரேக் போடாத. நானும் திருவான்மியூர்தான் போறேன். என் பின்னாலயே வா.”

தெரு முடிந்ததும் லாரி முன்னால் போனது. சென்னையில் இத்தனை வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். தண்ணீர் லாரிகளைத் திட்டாத நாள் கிடையாது. அன்று ஒரு தண்ணீர் லாரியின் முதுகைப் பார்த்துக்கொண்டு போனேனே, அந்தப் பெருமையை என்னவென்று சொல்வேன். அந்தோணி அண்ணன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. தண்ணீர் லாரியோடு வழக்காட எவனுக்குத் தைரியம் வரும்? பஸ் ஒதுங்கியது. பெரிய பெரிய கார்கள் ஒதுங்கின. தண்ணீர் தேங்கிய இடத்தில் எல்லாம் அவர் முதலில் இறங்கி இரண்டு பக்கமும் அலையடித்துப் போக, அந்த இடைவெளியில் நான் கோணல் வண்டியோடு போனேன். பெரிய கோயில் உற்சவத்தில் சாமிக்கு முன்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவார்களே, அப்படி. சாமி யார் என்றால், பின்னால் சங்கிலி கட்டிக்கொண்டு நின்ற அந்த மூன்று சிலிண்டர்கள்.

அடையாறு பாலத்தின் மேல் வந்தபோது லாரியின் முதுகில் எழுதியிருந்ததைப் படித்தேன். மஞ்சள் பெயிண்டில், ‘ஒலி எழுப்பவும்’.

எனக்குச் சுருக்கென்றது. அன்று போனில் வடை பேசிக்கொண்டே கிளம்பிய அவசரத்தில் பிள்ளையார் முன்னால் நான் ஹாரன் தட்டவில்லை. பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. அங்கேயே, பாலத்தின் நடுவிலேயே, ஒரே ஒரு தடவை தட்டினேன். அந்தோணி அண்ணன் ஜன்னல் வழியே கையை நீட்டி, “பொறு, பொறு” என்று ஆட்டினார். நான் அவரை அவசரப்படுத்துகிறேன் என்று நினைத்துவிட்டார் பாவம்.

திருவான்மியூரில் அவர் ஒதுங்கிக் கையைக் காட்டினார். நான் நேராகப் போனேன். பாலவாக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டேகால். நல்ல வேளை, அவர்கள் வீடு தரைத்தளம். அக்கம்பக்கத்தார் ஓடி வந்து கை கொடுத்தார்கள். உள்ளே மல்லிகா ஸ்பீக்கர் போனில் இருந்தாள். அரை மணி நேரமாக லட்சுமி அம்மாவை விடாமல் பேச்சில் பிடித்து வைத்திருந்தாள். டாக்டரை லைனில் பிடித்துக் கேட்டு, சாரை நிமிர்த்தி உட்கார வைக்கச் சொல்லி, டாக்டர் சொன்ன அளவுக்கு ஆக்சிஜனைக் கொஞ்சம் இறக்க வைத்திருந்தாள். என் வாய் கெடுத்ததை என் மனைவியின் வாய் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

சின்ன சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கீழே கிடந்தது. சாரின் உதடு நீலமாகிவிட்டது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. பெரிய சிலிண்டரில் மீட்டரை மாட்டும்போது ஸ்பேனர் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை பிடித்தது. திறந்தேன். தண்ணீர்க் குப்பியில் குமிழி வந்தது. அந்தக் குமிழிச் சத்தம் இருக்கிறதே, அதைவிட இனிமையான மங்கள வாத்தியத்தை நான் கேட்டதில்லை.

பத்து நிமிஷம் போனது. அவர் உதட்டில் நிறம் வந்தது. ஜெயராமன் சார் கையசைத்து என்னைக் கிட்டே கூப்பிட்டார். குரல் காற்றுப் போலத்தான் வந்தது.

“கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் கிழிச்சிட்டேன்பா. நடுவுல ஏறி வண்டிய நிறுத்திட்ட.”

லட்சுமி அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். நான் அவர் காலில் விழுந்து, அந்தப் பத்து நிமிஷத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். “எழுந்திருப்பா, வடை இல்ல, காபிதான் இருக்கு” என்றார். வேறு ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது இரண்டே முக்கால். வந்தவர்கள் சாரின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, “இப்ப நல்லா இருக்கார். இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா கஷ்டம்” என்றார்கள்.

அவர் இன்றைக்கும் இருக்கிறார். போன வாரம் கூடப் போனேன். “உள்ள போ, உள்ள போ” என்றார்.

நேர்ந்துகொண்டதைச் செலுத்தினேன். நம் சந்துக்காரர்கள் எல்லாரும் பார்த்தீர்கள். நூற்றியெட்டு என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். இருபத்தேழிலேயே முட்டி மன்னிப்புக் கேட்டது. அர்ச்சகர் மனமிரங்கி, நாலு நாள் தவணையில் முடிக்கலாம், பிள்ளையார் கோபிக்க மாட்டார் என்றார். நாலு நாளும் கூட்டம் வழக்கத்தை விட அதிகம். ஒரு மண்டலம் கிண்டல் செய்யாமல் இருக்கிறேன் என்றதுதான் முடியவில்லை. மூன்றாம் நாளே தவறிவிட்டேன். அதற்கான அபராதத் தோப்புக்கரணம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் மாறிவிட்டேன், அதை மார் தட்டிச் சொல்வேன். யாராவது “ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா?” என்று கேட்டால், “முதல்ல சொல்லுங்க, நானும் வர்றேன்” என்கிறேன். என் வண்டியில் இப்போது ஐந்தும் ஒரே நம்பர், ஒரே உயரம். அதைவிடப் பெரிய பெருமை, இந்த வருஷ ஆயுத பூஜையில் நம் சந்தில் ஒரு புது வழக்கம் தொடங்கியிருக்கிறது. எல்லா வண்டியின் ஸ்டெப்னியையும் இறக்கி, பிள்ளையார் முன்னால் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் நம்பரையும் மல்லிகா சத்தமாகப் படிக்கிறாள். வண்டிச் சக்கரத்து நம்பரோடு சேர்ந்தால்தான் பொட்டு. பதினோரு வண்டியில் நாலு தேறவில்லை. அந்த நாலு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் என்பதைப் பிள்ளையார் சாட்சியாகச் சந்தோஷமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இதைப் படிக்கிற அன்பர்களே, உங்களுக்கும் நடுத்தெருவில் வண்டி நிற்கிற நாள் வரும். எனக்கு நல்ல புத்தி இருந்ததால் அவர் உதவவில்லை. துளி புத்தி இல்லாதபோதுதான் உதவினார். அதனால் தகுதி பார்க்காமல் கூப்பிடுங்கள். நீங்கள் கேட்டது வராமல் போகலாம். பின்னாலிருந்து யாராவது வழி கேட்டு ஹாரன் அடித்தால் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பாருங்கள்.

பூஜை அன்று அந்தோணி அண்ணனைத் தேடிப் பிடித்து அழைத்து வந்திருந்தேன். மாலை போட்டு, சுண்டல் கொடுத்து, மைக்கைப் பிடித்து, இவர்தான் பிள்ளையார் எனக்காக அனுப்பிய தூதர் என்று கால் மணி நேரம் பேசினேன். அவர் சுண்டலைத் தின்றுகொண்டே கேட்டார். பேசி முடித்ததும் கையைப் பிடித்து என் வண்டியிடம் கூட்டிப் போனேன். புது ஸ்டெப்னி. சரியான நம்பர். சந்தனம், குங்குமம், இந்தத் தடவை இரண்டு முழம் சாமந்தி.

“எப்படிண்ணே இருக்கு?” என்றேன்.

அவர் சுண்டல் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். சந்தனம் கலையாமல் கட்டை விரலை டயரில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார்.

“காத்து எங்க?”